நாச்சி பஸ்ஸின் முதலாளியம்மா

சென்னியம்மாள் ஒரு பஸ் கம்பெனிக்கு முதலாளியானது, அவர் சொன்ன ஒரு பதிலை மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதால்தான். இதை அவர் பின்னாளில் யாரிடமும் மறைத்ததில்லை.

1941ஆம் ஆண்டு ஆடி மாதம் அவருடைய கணவர் நாச்சிமுத்துக் கவுண்டர் விஷக்காய்ச்சலில் பதினோரு நாள் கிடந்து இறந்துபோனார். சேந்தமங்கலத்துக்கு மேற்கே ஒரு தோட்டம், ஊருக்குள் ஒரு வீடு, ராசிபுரம் வழியாகச் சேலத்துக்கு ஓடிய மூன்று பஸ்கள், இவைதான் அவர் விட்டுப்போனவை. பஸ்களின் நெற்றியில் ‘நாச்சிமுத்து மோட்டார் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். ஜனங்கள் ‘நாச்சி பஸ்’ என்பார்கள். சென்னியம்மாளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. குழந்தை இல்லை. கமலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது முதல் கடலைக்காய் பறிப்பதுவரை தோட்டத்து வேலை அத்தனையும் தெரியும். பஸ்ஸில் ஏறியது ஏழெட்டுத் தடவைதான் இருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில், இன்னும் பிரிக்காத பந்தலுக்குள் பேச்சு நடந்தது. கணவரின் தம்பி சின்னண்ணன் வண்டிகளை விற்றுவிட்டு அடுத்த தோட்டத்தை வாங்கிப் போடலாம் என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஓரமாக நின்றிருந்த பரக்கத் அலி மெல்லத் தொண்டையைச் செருமினார். சேலம் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, ஒன்பது வருஷமாக மூன்று வண்டிகளின் இஞ்சினையும் பார்த்துவந்தவர் அவர்.

“அது உங்க இஷ்டம். ஆனா நாளைக்கு எந்த வண்டிய யார் எடுக்கறதுன்னு ஷெட்டுல கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

எல்லோரும் சென்னியம்மாளைப் பார்த்தார்கள். அவர் பேச்சைச் சரியாகக் கவனித்திருக்கவில்லை.

“எப்பவும் எடுக்கறவங்களே எடுக்கட்டுங்க பாய்,” என்றார்.

நாளைக்கு ஒரு நாளைக்கு என்றுதான் அவர் நினைத்துச் சொன்னார். பரக்கத் அலி அதை என்றைக்கும் என்று எடுத்துக்கொண்டார். நேராக ஷெட்டுக்குப் போய், “அம்மா கம்பெனிய விக்கப் போறதில்ல. யாருக்கும் வேலை போகாது,” என்று சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மூத்த டிரைவர் தங்கசாமியின் மனைவி கந்தம்மாள் வீட்டுக்கு வந்து, சென்னியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எங்க அல்லாரையும் காப்பாத்திப்போட்டீங்க சாமி,” என்றாள். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் சின்னண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க அண்ணி.”

“எனக்கே தெரியாதுங்களே தம்பி,” என்றார் சென்னியம்மாள். சின்னண்ணன் நம்பவில்லை.

கணவர் உட்கார்ந்த அறை ஷெட்டின் முன்புறம் இருந்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் நேர அட்டவணை எழுதிய பலகை. வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் அங்கே போய் உட்காருவதைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். அதைவிட அவரைக் குழப்பியது வேறொன்று. அங்கே உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும்? கணவர் பதினாறு வருஷம் காலையில் போய்ப் பொழுது இருட்டினால்தான் வருவார். அப்படி என்னதான் செய்தார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஷெட்டில் கேட்டபோது, “கவுண்டர் சத்தம் போடுவாருங்க,” என்றான் கண்டக்டர் வீரபாகு. எதற்குச் சத்தம் போடுவார் என்று கேட்டதற்கு, அது அன்றன்றைக்கு மாறும் என்றான்.

சென்னியம்மாளுக்குச் சத்தம் போட வராது. அவர் பேசாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும் முன் டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று, “ஏதாச்சும் சொல்லோணுங்களா?” என்று கேட்பார்கள். “ஒண்ணுமில்லீங்க,” என்பார். அவர்கள் அரை நிமிஷம் தயங்கி நின்றுவிட்டுப் போவார்கள். அம்மா எதையோ மனதில் வைத்திருக்கிறார், சமயம் பார்க்கிறார் என்று ஷெட்டுக்குள் பேச்சு கிளம்பியதாம். அவருக்கு அது தெரியவே தெரியாது.

தை மாதம் ராசிபுரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார்கள் இருவரும் வக்கீல் குமாஸ்தாக்கள் மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். சேந்தமங்கலத்தில் ஏழு மணிக்குக் கிளம்பும் வண்டி ஒரு நாளும் ராசிபுரத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்து சேருவதில்லை, கால் மணி, அரை மணி தாமதம், இப்படியானால் வேறு பஸ்ஸில் போவோம் என்று எழுதியிருந்தது. ஏழு மணி வண்டியை ஓட்டியது தங்கசாமி.

சின்னண்ணனுக்குக் கடிதத்தைக் காட்டினார். முதன்முதலாக அந்த அறையில் தீர்மானிக்க ஏதோ ஒன்று இருந்தது. “பயம் உட்டுப்போச்சுங்க அண்ணி. ஒருத்தன ஒரு வாரம் நிறுத்தி வைங்க. மத்தவங்க தானா சரியாயிருவாங்க,” என்றார் சின்னண்ணன். அது நியாயமாகவே பட்டது. யார் வண்டி கால் மணிக்கு மேல் தாமதமானாலும் ஒரு வாரம் வேலை கிடையாது என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். மூன்றாம் நாளே தங்கசாமி இருபது நிமிஷம் தாமதம்.

அவரை அழைத்துச் சொன்னபோது, அவர் பலகையை ஒரு தடவை பார்த்தார். “சரிங்க,” என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டு போனார். ஏன் தாமதம் என்று சென்னியம்மாள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றாமல் போனதை நினைத்து அவர் பல வருஷம் வருந்தினார்.

வாரம் முடிந்தும் தங்கசாமி திரும்பி வரவில்லை. ராசிபுரத்தில் நாலு வண்டி வைத்திருந்த இன்னொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அதன் பிறகு நாச்சி பஸ் நேரம் தவறாமல் ராசிபுரம் போய்ச் சேர்ந்தது. வாத்தியார்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். ஆனால் வண்டியில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. பங்குனி பிறந்தபோது பாதி இருக்கைகள் காலி. சென்னியம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குறை சொன்னதைச் சரிசெய்தாயிற்று. சரிசெய்த பிறகு ஏன் ஜனங்கள் போகிறார்கள்?

“ஏனுங்க பாய், நான் எதத் தப்பாப் பண்ணுனேன்?” என்று பரக்கத் அலியிடம் கேட்டார்.

“எனக்கு இஞ்சின் தெரியும்மா. ஜனங்களப் பத்தித் தெரியாது,” என்றார் அவர். சற்று நின்று, “நீங்க ஒரு நாள் வண்டியில போய்ப் பாருங்க,” என்றார்.

மறுநாள் ஏழு மணி வண்டியில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். காளப்பநாயக்கன்பட்டியில் வண்டி நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள், உடனே கிளம்பியது. திரும்பிப் பார்த்தபோது கொல்லிமலைப் பக்கத்து வண்டித்தடத்தில் முப்பது நாற்பது பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தலையில் பலாப்பழம், வாழைத்தார், தேன் பானை. விடியும் முன்னே மலையிலிருந்து நடக்கத் தொடங்கியவர்கள். அவர்களிடம் கடிகாரம் கிடையாது. பனியும் பாறையும் விட்ட நேரத்துக்குத்தான் கீழே வந்துசேர முடியும். தங்கசாமி இவ்வளவு நாளும் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி இவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். இப்போது ராசிபுரத்து வண்டி அதே மரத்தடியில் காத்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் தங்கசாமி. அவர் சென்னியம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த மலைக்காரர்கள் யாருக்கும் ஒரு கடிதமும் எழுதியதில்லை.

பலகையில் எழுதிய சட்டத்தை அவர் அன்றைக்கே அழித்துவிட்டார். ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் யுத்தம் வந்து முன்னால் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். மூன்று வண்டிக்குக் கிடைத்த பெட்ரோல் ஒரு வண்டிக்கே காணாது. கரியை எரித்து அதில் வரும் வாயுவில் ஓட்டும் கருவியைப் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்ட வேண்டும் என்றார்கள். எண்ணெய்ச் செக்கின் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியைப் போட்டு, பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்து, அரை மணி நேரம் போனால்தான் இஞ்சின் கிளம்பும்.

“ரெண்டு வண்டிக்கு மாட்டலாம். மூணாவது வண்டிய நிறுத்தி வெச்சு அதோட சாமானை மத்த ரெண்டுக்கும் எடுத்துக்கலாம். உதிரி சாமான் இனி கப்பல்ல வராது,” என்றார் பரக்கத் அலி.

அது சென்னியம்மாளுக்குப் புரிந்தது. புரியாதது, ஆட்களை என்ன செய்வது என்பதுதான். தங்கசாமியின் இடத்துக்கு வந்த சடையனோடு சேர்த்து மூன்று டிரைவர்கள், மூன்று கண்டக்டர்கள். ஓடப்போவது இரண்டு வண்டி.

“ஒரு சோடிய அனுப்பிச்சுருங்க,” என்றார் சின்னண்ணன்.

யாரை? மூவரில் ஒருவனுக்கு ஐந்து குழந்தைகள். ஒருவன் கணவர் காலத்து ஆள். சடையன் கடைசியாக வந்தவன், ஆனால் மூவரில் அவன்தான் நல்ல ஓட்டுக்காரன். சென்னியம்மாள் நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தார். முடிவு வரவில்லை. ஐந்தாம் நாள் ஆறு பேரையும் கூப்பிட்டார்.

“எனக்கு ஒண்ணும் தோணலீங்க. ஏதாச்சும் தோணற வரைக்கும் ரெண்டு சோடி வண்டியில போங்க, ஒரு சோடி இங்கயே இருந்து கரிய ஒடைச்சுச் சலிச்சுப் போடுங்க. வாரத்துக்கு வாரம் மாத்திக்குங்க. சம்பளம் அல்லாருக்கும் ஒண்ணுதான். பொறவு பாக்கலாம்.”

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டீரிங் பிடிக்கிறவன் கரி உடைப்பதா? ஆனால் ஒருவனுக்கும் வேலை போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்கள்.

அந்தப் ‘பொறவு’ மூன்று வருஷம் நீண்டது.

கரி கேஸ் வண்டியின் உயிர் கரியில்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் சீக்கிரமே தெரிந்தது. கரி ஈரமாக இருந்தால் மேட்டில் இழுக்காது. தூளாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். பெரிய துண்டாக இருந்தால் சரியாக எரியாது. கொட்டைப்பாக்கு அளவுத் துண்டாக, காய்ந்ததாக, மண்ணில்லாததாக இருக்க வேண்டும். மற்றக் கம்பெனிகளில் இதற்குக் கூலியாட்களை வைத்திருந்தார்கள். மூட்டை நிறைந்தால் போதும் அவர்களுக்கு. நாச்சி ஷெட்டில் கரி உடைத்தவன் அடுத்த திங்கட்கிழமை அதே கரியில் வண்டி ஓட்ட வேண்டும். மேட்டில் வண்டி நின்றால் அவன்தான் இறங்கிக் காற்றடிக்க வேண்டும், அவனைத்தான் ஜனங்கள் வைவார்கள். ஆகையால் ஒவ்வொருவனும் முறத்தில் அரிசி புடைப்பதுபோல் கரியைப் பார்த்துப் பார்த்துப் புடைத்தான். சடையன் ஈரக் கரியை முகர்ந்தே கண்டுபிடிப்பான். மழைக்காலத்தில் அவர்களாகவே கரி மூட்டைகளுக்குப் பரண் கட்டினார்கள். யாரும் சொல்லவில்லை.

நாச்சி பஸ் மேடேறியது. மற்ற வண்டிகள் நின்றன. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். மலைக்காரர்களும் வந்தார்கள்.

சேலத்தில் வண்டிக்காரர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் சம்சாரம் பெரிய சூட்சுமக்காரி, முன்கூட்டியே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள் என்று. வீரபாகு அதைக் கேட்டு வந்து பெருமையாகச் சொன்னான். “எனக்கு முடிவெடுக்கத் தெரியாமத்தானே அப்படிச் சொன்னேன்,” என்றார் சென்னியம்மாள். வீரபாகு சிரித்தான். அம்மா அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

1943 ஐப்பசியில் ஒரு பகல். சென்னியம்மாள் சேலத்துக்கு ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருந்தார். வண்டியைச் சடையன் ஓட்டினான். தூறல். மல்லூர் தாண்டியதும் வரும் மேட்டில் ராசிபுரத்து வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் இறங்கி நனைந்துகொண்டிருந்தார்கள். தங்கசாமி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி, அதில் மழை வழிந்து கோடு கோடாக இருந்தது. உருளையிலிருந்து வெள்ளைப் புகைதான் வந்தது.

“நிறுத்துங்க,” என்றார் சென்னியம்மாள்.

“அது எதிர் கம்பெனி வண்டிங்கம்மா. ஜனங்களை மட்டும் ஏத்திக்கலாமுங்க, நமக்கு நல்லதுதானே?”

“ஒரு மூட்ட கரி குடுங்க.”

சடையன் திரும்பிப் பார்த்தான். “நான் ஒடைச்ச கரிங்கம்மா அது.”

அவன் குரலில் இருந்த வலியைக் கேட்டு சென்னியம்மாள் தடுமாறினார். கொடுக்கச் சொன்னது சரியா, அவனைக் கேட்காமல் சொன்னது தப்பா? “சரி, நீங்களே சொல்லுங்க. குடுக்கலாமா, வேண்டாமா?” என்றார்.

சடையன் தானே இறங்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கசாமியின் காலடியில் வைத்தான்.

மார்கழியில் தங்கசாமி ஷெட்டுக்கு வந்து அறை வாசலில் நின்றார். “வேலை இருக்குதுங்களா?” என்று கேட்டார். நான்காவது ஆளையும் வாரமுறையில் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் சம்மதித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து சென்னியம்மாள், மனதில் நெடுநாளாக இருந்ததைக் கேட்டேவிட்டார்.

“அன்னைக்கி நான் உங்ககிட்ட ஏன் லேட்டுன்னு கேக்காம நிறுத்திப்போட்டேனுங்க. அது தப்பு. அப்புறம் எதுக்கு திரும்பி வந்தீங்க? கரி குடுத்ததுக்காகவா?”

தங்கசாமி யோசித்தார். “அதெல்லாம் இல்லீங்க. ராசிபுரத்துல ராத்தங்கல் அதிகமுங்க. ஊடு இங்க இருக்குது. கந்தம்மாளுக்கு முட்டி வலி.”

சென்னியம்மாள் இதைப் பரக்கத் அலியிடம் சொன்னார். “அவன் அப்படித்தான் சொல்வான். கரிதான் காரணம்,” என்றார் பரக்கத் அலி. சடையனைக் கேட்டால், அந்தக் கம்பெனியில் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை என்றான். சின்னண்ணனோ, “ஒரு வாரம் நிறுத்தி வெச்சீங்களே, அதுலதான் புத்தி வந்துச்சு,” என்றார். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். எதை நம்பி நாளைக்கு நடந்துகொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, ஒருவரைத் தண்டிக்கும் முன் காரணம் கேட்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டார்.

யுத்தம் முடிந்தது. 1946இல் சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூருக்கு ஒரு பெர்மிட் கிடைத்தது. புது வண்டிகள் இரண்டு வாங்கி, அந்தத் தடத்தைச் சின்னண்ணனிடம் ஒப்படைத்தார். வண்டிகளை விற்கச் சொன்னவரே இப்போது தனக்கும் ஒரு பொறுப்பு வேண்டும் என்று கேட்டார். சென்னியம்மாளுக்கு மறுக்கத் தெரியவில்லை.

சின்னண்ணன் தன் வழியில்தான் நடத்தினார். மணிக்கூண்டு மாதிரி நேரம். நேரம் தவறினால் ஒரு வாரம் நிறுத்தம். தாமதமாக வருகிற பிரயாணிக்காக ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. சென்னியம்மாள் வாயைத் திறக்காமல் மூன்று மாதம் பயந்துகொண்டே இருந்தார். இது எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியுமே. ஆனால் மேட்டூர் வண்டி நிரம்பி வழிந்தது. ஆறு மாதத்தில் இன்னொரு வண்டி விட வேண்டியிருந்தது.

இங்கே தப்பாகப் போன அதே சட்டம் அங்கே எப்படிச் சரியாகப் போகிறது? அவருக்கு முன்னால் புரிந்ததுபோல் இருந்ததும் இப்போது கலங்கிப்போனது. ஒரு நாள் காலையில் மேச்சேரிக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் மேட்டூர் வண்டியில் ஏறினார்.

உள்ளே முழுக்க ஆலைத் தொழிலாளர்கள். மடியில் சோற்றுத் தூக்குப்போசி. வண்டி நகர்ந்தபோது ஒருவன் துண்டை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். கண்டக்டர் நிறுத்தவில்லை. சென்னியம்மாளுக்கு மனசு பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், “பாவம், ஒரு நிமிசம் நின்னா என்னங்க?” என்று கேட்டார்.

“அவனுக்காக நின்னா எங்க நாப்பது பேருக்கும் மில்லு கேட்ட மூடிருவாங்கம்மா,” என்றார் அந்த ஆள். “சங்கு ஊதறதுக்குள்ள உள்ள போகோணும். இந்த வண்டின்னா போய்ச் சேந்துரும். அதுனாலதான் இதுல வாரோம்.”

மேட்டூரில் இறங்கியபோது, சின்னண்ணன் கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் முகம் இறுகியது. குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

“ஒண்ணையும் மாத்த வேண்டாமுங்க தம்பி. நல்லா நடத்தறீங்க,” என்றார் சென்னியம்மாள்.

சின்னண்ணன் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். “அப்ப சேந்தமங்கலத்துலயும் இதே மாதிரி பண்ணலாமுங்களா?” என்று கேட்டார்.

“அங்க வேண்டாமுங்க.”

“ஒரே கம்பெனிக்கு ரெண்டு சட்டமா? ஆளுக என்னன்னு நினைப்பாங்க?”

சின்னண்ணன் சொன்னதும் நியாயம்தான். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக் கடையில் காப்பி வாங்கிக் குடித்தார்கள். ஒரு தடத்து ஆளை மறு தடத்துக்கு மாற்றும்போது என்ன செய்வது என்று பேசினார்கள். மாற்றும் முன் அவனை ஒரு வாரம் அந்தத் தடத்தில் சும்மா உட்கார்ந்து போகச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. அது யார் சொன்ன யோசனை என்று பின்னால் இருவருக்குமே நினைவில்லை.

1948இல் நாச்சி பஸ் ஏழு வண்டியானது. அந்த வருஷம் சேலத்தில் பஸ் முதலாளிகள் கூடிய ஒரு கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். ஆட்களை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள், யுத்தத்திலும் ஒருவரும் போகவில்லையே, அந்த ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சென்னியம்மாள் எழுந்து நின்றார். தங்கசாமியை நிறுத்தியதைச் சொன்னார். யாரை அனுப்புவது என்று தெரியாமல் எல்லோரையும் கரி உடைக்கச் சொன்னதைச் சொன்னார். மேட்டூரில் தனக்குப் புரியாமல் போனதைச் சொன்னார். பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டார். கைதட்டினார்கள். வெளியே வரும்போது ஒருவர் இன்னொருவரிடம், “ரகசியத்த வெளிய விட மாட்டேங்குது பாத்தியா, கெட்டிக்காரி,” என்று சொன்னது அவர் காதில் விழுந்தது.

அடுத்த மாதம் ஆத்தூர் தடத்துக்கு மனுப் போடலாம் என்று பரக்கத் அலி சொன்னார். நல்ல வருமானம் உள்ள தடம், இப்போது போடாவிட்டால் மற்றவர்கள் போட்டுவிடுவார்கள் என்றார்.

“அங்க யாரு ஏறுவாங்க, எதுக்குப் போவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க பாய்.”

“தெரிஞ்சுக்கிட்டா ஓட்டறோம்? ஓட்டினா தெரியும்.”

சென்னியம்மாள் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் சோற்றுப் போசி ஒன்றைக் கட்டிக்கொண்டு சேலத்துக்குப் போய், ஆத்தூர் போகும் வேறொரு கம்பெனி வண்டியில் டிக்கெட் வாங்கி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்.